ரப்பர் தோட்டத்து மலைப்பாதைக்கு ஒரு பிக்கப்: எதை முதலில் மாட்டுவது, எதை விட்டுவிடுவது

மார்த்தாண்டத்தில் குடியிருந்துகொண்டு ஆறுகாணிப் பக்கம் மலைச்சரிவில் ரப்பர் தோட்டம் பார்த்துவரும் நீங்கள், நான்கு சக்கர இயக்கமுள்ள இரட்டைக் கேபின் பிக்கப் ஒன்றைப் பழையதாக வாங்கியிருப்பதாகவும், அதைக் காட்டுப்பாதைக்குத் தயார் செய்ய இரண்டு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்நார்க்கல், இரும்பு பம்பர், வடத்தைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச், நான்கு அங்குலம் உயர்த்தும் சஸ்பென்ஷன், பெரிய மட் டயர், கூரைமேல் எல்இடி விளக்குப் பட்டை ஆகியவற்றில் எதை முதலில் வாங்குவது என்பது உங்கள் கேள்வி. இந்தப் பட்டியலில் டயரைத் தவிர வேறெதுவும் முதல் வரிசைக்கு வராது என்பதே என் பதில். டயரிலும் நீங்கள் நினைத்திருக்கும் வகை உங்களுக்குப் பொருந்தாது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலையோரப் பாதையின் இயல்பிலிருந்தே இதற்குக் காரணம் தொடங்குகிறது. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், அது ஓய்ந்த சூட்டோடு ஐப்பசியில் இறங்கும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து, ஆண்டில் பாதிக்கு மேல் தோட்டப் பாதையை ஈரமாகவே வைத்திருக்கின்றன. ரப்பர் மரநிழலில் அது எளிதில் காய்வதும் இல்லை. அடியில் சரல் கலந்த கெட்டியான செம்மண் இருக்க, மேலே இரண்டு விரற்கடை அளவுக்கு மட்டும் வழுவழுப்பான சேறும், ஏற்றங்களில் மழை அரித்துப் போட்ட சால்களும், சாலின் நடுவே தலைநீட்டும் கூர்மையான கற்களும் இருக்கும். பாதை குறுகலானது, திருப்பங்கள் நெருக்கமானவை, வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டரைத் தாண்டாது. கடைக்காரர்கள் காட்டும் விலைப்பட்டியல்களில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவின் நெடுந்தொலைவு வறண்ட நிலத்தையோ அரபு நாட்டு மணலையோ மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. அங்கே தேவையானதில் பாதி இங்கே சுமைதான்.

சுமை என்பதை இங்கே நேர்ப்பொருளிலேயே சொல்கிறேன். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் வெற்று எடையும் சுமையோடு கூடிய மொத்த எடையும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடுதான் உங்கள் கணக்கில் இருக்கும் மொத்த இருப்பு. அதில் ஓட்டுநர், குடும்பம், உரமூட்டை, ரப்பர் ஷீட் எல்லாம் அடங்க வேண்டும். வின்சோடு கூடிய இரும்பு பம்பர் ஏறத்தாழ 100 கிலோ, வண்டியின் அடிப்பாகத்தைக் கல்லிலிருந்து காக்கும் அடித்தகடுகள் 50 கிலோ, பக்கவாட்டுக் குழாய்கள் 40 கிலோ, பின்தட்டின்மேல் இரும்புக் கூண்டு 70 கிலோ, கூரைக் கூடாரம் 60 கிலோ என்று கூட்டிப் பாருங்கள். ஒரு மூட்டை ஏற்றுவதற்கு முன்பே 300 கிலோவைத் தாண்டிவிடும். இவ்வளவையும் தாங்குவதற்குக் கடினமான ஸ்பிரிங் போட வேண்டும், கடினமான ஸ்பிரிங் போட்ட வண்டி வெறுமையாக ஓடும்போது பள்ளங்களில் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கும், தூக்கிய சக்கரம் வெறுமனே சுழலும், அதைச் சரிசெய்ய இன்னொரு பொருள் வாங்க வேண்டும். எதை மாட்டினாலும் அதன் எடையை முதலில் கேளுங்கள். எடையைச் சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

இனி டயருக்கு வருவோம். மட் டயரின் அகன்ற கட்டைகளும் ஆழமான இடைவெளிகளும் முழங்கால் ஆழச் சேற்றில் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொண்டு பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் உங்கள் வண்டி மார்த்தாண்டத்திலிருந்து களியல், கடையாலுமூடு வழியாகத் தோட்டத்து வாசல் வரை தார்ச்சாலையில்தான் ஓடப்போகிறது. மழையில் நனைந்த தாரில் மட் டயரின் பிடிமானம் குறைவு, பிரேக் தூரம் கூடும், இரைச்சலும் கூடும். நம்முடைய வழுக்கலோ மேலே மெல்லிய சேறு, கீழே கெட்டித் தரை என்ற வகையைச் சேர்ந்தது. இதற்குச் சற்றே நெருக்கமான, ஓரங்கள் நன்கு வெட்டப்பட்ட ஆல் டெரெய்ன் டயரே போதுமானது, பல வேளைகளில் மேலானதும்கூட. அந்த வகையில் கனரகக் கட்டமைப்பு உள்ளதாக, டயரின் பக்கச் சுவரில் மூன்று அடுக்கு நூல் கொண்டதாகப் பாருங்கள். சாலிலிருந்து வண்டி பக்கவாட்டில் சறுக்கும்போது கல் கிழிப்பது அடிப்பாகத்தை அல்ல, பக்கச் சுவரைத்தான். அங்கே கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது, டயர் போயிற்று. உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்க எண் அதே பக்கச் சுவரில் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தள்ளுபடி விலை என்று நீட்டப்படும் டயரில் இந்த எண்ணைக் குனிந்து படித்துவிட்டுப் பிறகு பேரம் பேசலாம்.

பெரிய அளவு போட்டால் வண்டி உயரும் என்ற எண்ணத்தை ஒரு கணக்கால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிக்கப்புகளில் பரவலாக உள்ள 265/65 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர். 265/70 ஆர்17 போட்டால் சுமார் 803. விட்டத்தின் வேறுபாட்டில் பாதிதான் அச்சுக்கு உயரமாகக் கிடைக்கும், அதாவது 13 மில்லிமீட்டர். இந்த அரை அங்குலத்துக்காக வேகமானி மூன்றரை விழுக்காடு குறைத்துக் காட்டத் தொடங்கும், ஏற்றத்தில் முதல் கியரின் இழுவை அதே அளவுக்குக் குறையும், பிரேக்குக்கும் வேலை கூடும். உங்கள் வண்டிக்கு நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவுகளில் பெரியது எதுவோ அதோடு நின்றுவிடுங்கள். ஒன்றுபோலுள்ள ஐந்து டயர் வாங்குவது முக்கியம். வேறு விட்டமுள்ள ஸ்டெப்னியைப் பின்னச்சில் மாட்டிக்கொண்டு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால், எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பகிர்ந்து தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பாதிக்கப்படும்.

டயருக்கு அடுத்தபடியாக, செலவுக்கு மிக அதிகமான பலன் தருவது காற்றைக் குறைத்து மீண்டும் நிரப்பும் வசதிதான். சாலையில் 35 பி.எஸ்.ஐ. வைத்திருக்கும் வெற்று பிக்கப், கல்லும் சாலும் நிறைந்த ஏற்றத்தில் 22 முதல் 25 வரை குறைத்தால் டயர் கல்லின்மேல் துள்ளாமல் அதைப் போர்த்திக்கொண்டு ஏறும்; வண்டி குலுங்குவதும் குறையும், உள்ளே இருப்பவரின் முதுகும் தப்பும். தேரிக்காட்டு மணல் போன்ற இடமென்றால் 15 முதல் 18 வரை இறங்கலாம், ஆனால் அந்த அளவில் திருப்பத்தை வேகமாக எடுத்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். பின்தட்டில் சுமை இருந்தால் பின்டயரில் இவ்வளவு குறைக்கக் கூடாது. காற்றைக் குறைத்தவர் தார்ச்சாலை ஏறுவதற்கு முன் நிரப்பியே ஆக வேண்டும் என்பதால் 12 வோல்ட் கம்ப்ரெசர் ஒன்று வண்டியிலேயே இருக்க வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய வகை பெரிய டயருக்கு மூச்சுவாங்கும். பேட்டரி முனைகளில் நேரடியாகக் கவ்வும் வகையை வாங்கி, தனியாக ஒரு நல்ல காற்றழுத்தமானியும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சிக்கிய வண்டியை மீட்கும் பொருள்கள். இதில்தான் மலிவுச் சரக்கு உயிரைக் குடிக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பல வண்டிகளின் முன்புறம் காணப்படும் மெல்லிய வளையம், கப்பலிலும் டிரெய்லரிலும் ஏற்றும்போது கட்டிவைப்பதற்கானது. திணறி நிற்கும் வண்டியை வெட்டி இழுக்கும் விசையை அது தாங்காது. அதைவிட ஆபத்தானது டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கி. அதில் கயிற்றைக் கோத்து இழுத்தால், முறியும் இரும்புக் குண்டு எதிர்வண்டியின் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போகும். வெளிநாடுகளில் இப்படிப் பலர் இறந்திருக்கிறார்கள். எனவே முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக, சேஸிஸில் உயர்தரப் போல்ட்டுகளால் பொருத்தப்படும் தகுதிபெற்ற மீட்புக் கொக்கிகளை முதலில் போடுங்கள். வண்டியைப் பார்க்கும் எவருக்கும் இவை கண்ணில் படாது. அதனாலேயே பலர் வாங்குவதில்லை.

கயிற்றில் இரண்டு வகை உண்டு. நீளாத பட்டை, மெதுவாகக் கட்டி இழுக்கவும் வின்ச் வடத்தை நீட்டவும் பயன்படும். நைலானில் நெய்த நீளும் கயிறு, இழுக்கும் வண்டியின் ஓட்டத்தைத் தன்னுள் வாங்கி, கால் பங்கு வரை நீண்டு, சுருங்கும்போது சிக்கிய வண்டியைப் பிடுங்கி எடுக்கும். நீளாத பட்டையைக் கட்டிக்கொண்டு ஓடிவந்து வெட்டி இழுப்பதுதான் நம் ஊரில் வழக்கமாக நடக்கும் விபரீதம். நீளும் கயிற்றின் அறுபடும் திறன் வண்டியின் மொத்த எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு ஷேக்கிளுக்குப் பதில் பின்னிய மென்கயிற்று ஷேக்கிள் இரண்டு வாங்கினால், அறுந்தாலும் அது குண்டாகப் பறக்காது. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஒரு கனத்த சாக்கைப் போட்டுவிட்டு, வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்துக்கு மேல் விலக்கி நிறுத்துங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் நெருங்கி வந்துதான் நிற்பார்கள், சத்தம் போட்டாவது விரட்ட வேண்டும்.

வின்ச் இந்த இடத்தில்தான் வருகிறது. தனியாகப் போகிறவருக்கு அது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. மொத்த எடையின் ஒன்றரை மடங்கு இழுவிசை என்பது கணக்கு. மொத்தம் 2,900 கிலோ வரும் வண்டிக்கு ஏறத்தாழ 4,350 கிலோ, அதாவது 9,600 பவுண்டு. கடையில் 9,500 அல்லது 10,000 பவுண்டு வகையில் இது கிடைக்கும். பெட்டிமேல் எழுதியிருக்கும் எண் உருளையில் சுற்றிய வடத்தின் முதல் அடுக்குக்கு மட்டுமே உரியது; வடம் முழுவதும் சுற்றியிருக்கும்போது வெளியடுக்கில் அந்த விசையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் காணாமல் போயிருக்கும். அதனால் வடத்தை நன்றாக வெளியே இழுத்துவிட்டு, ஒரு கப்பியைத் தொலைவில் கட்டி வடத்தை மடக்கிக் கொண்டுவந்து இழுப்பதே முறை. முழுச் சுமையில் 400 ஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கும் இயந்திரம் அது. பழைய பேட்டரியோடு அதை மாட்டுவது வீண்.

இன்னொன்று, வின்சுக்கு நங்கூரம் வேண்டும். உங்கள் தோட்டத்திலோ சுற்றிலும் நிற்பது ரப்பர் மரம். ரப்பர் எளிதில் முறியும் மரம் என்பதை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது நாம் எல்லாருமே கண்ணால் பார்த்தோம். அத்தோடு ஒட்டு மரத்தில் ஒட்டிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் பால்வெட்டைத் தொடங்கிக் கீழ்நோக்கித்தான் வருகிறோம். மீட்புப் பட்டையைச் சுற்றும் இடுப்புக்குக் கீழான பகுதியோ இனி வரும் ஆண்டுகளில் பால் வெட்ட வேண்டிய மரப்பட்டை. இரும்பு வடத்தை நேராகச் சுற்றி ஒருமுறை இழுத்தால் அந்த இடத்துப் பட்டை நசுங்கும், பால் வடியும், பிறகு அங்கே வெட்டு சரியாக இறங்காது. எல்லையில் நிற்கும் அயனி, பலா, புளி போன்ற முதிர்ந்த மரத்தைத் தேர்ந்து, குறைந்தது மூன்று அங்குல அகலமுள்ள மீட்புப் பட்டையை வேருக்கு மிக அருகில் சுற்றி, அதன் இரு கண்களையும் சேர்த்து ஷேக்கிள் கோத்து இழுக்க வேண்டும். உயரத்தில் கட்டினால் மரம் நெம்புகோலாகச் சாயும். உங்கள் தொகைக்கு மின்சார வின்ச் இப்போது தேவையில்லை என்பது என் கருத்து. மரம் வெட்டுபவர்கள் கையால் இயக்கும் கம்பிவட வின்ச் ஒன்று, பின்னோக்கியும் பக்கவாட்டிலும்கூட இழுக்கப் பயன்படும். மெதுவாகத்தான் இழுக்கும், வியர்வை சிந்த வேண்டியிருக்கும், ஆனால் பேட்டரியும் பம்பரும் கேட்காது.

சஸ்பென்ஷனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு அங்குல உயர்த்தலை மறந்துவிடுங்கள். முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் இவ்வகை வண்டிகளில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் முன் அச்சுத் தண்டுகளின் இணைப்புகள் கூடுதல் கோணத்தில் சுழன்று ரப்பர் உறை கிழிந்து தேயும். முன்சக்கரத்தைத் தாங்கும் மேல் ஆர்மையும் மாற்ற வேண்டிவரும். பிக்கப்பின் உண்மையான இடர்ப்பாடு அதன் நீளம். டொயோட்டா ஹைலக்ஸுக்கு முன்பின் சக்கர இடைவெளி 3,085 மில்லிமீட்டர், இசுசு வி-கிராஸுக்கு 3,095; மேடேறி இறங்கும்போது நடுவயிறு தட்டுவதும், ஓடையிலிருந்து ஏறும்போது பின்பகுதி உழுவதும் இதனால்தான். இதற்கு மருந்து உயரத்தைவிட, பின்னால் தொங்கும் டிரெய்லர் கொக்கியைக் கழற்றிவைப்பதும் பாதையைத் தேர்ந்து ஓட்டுவதும்தான். தேய்ந்த ஷாக் அப்சார்பரையும் தளர்ந்த பின் ஸ்பிரிங் பிளேட்டையும் மாற்றுங்கள், அது போதும். வெற்றுப் பின்தட்டோடு ஏற்றம் ஏறினால் பின்சக்கரம் சறுக்கும். நான்கைந்து மணல்மூட்டையைப் பின்னச்சுக்கு நேர்மேலே கட்டிப் போட்டுப் பாருங்கள், வேறு வண்டி ஓட்டுவதுபோல் இருக்கும். பின்சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகச் சுழலவைக்கும் பின் டிஃபரென்ஷியல் பூட்டு ஹைலக்ஸில் நிறுவனமே தருகிறது. உங்கள் வண்டியில் இல்லையென்றால், பின்னாளில் பணம் சேரும்போது வின்சுக்கு முன்பே அதைப் பொருத்துவதைப் பற்றி எண்ணலாம்.

அடித்தகடு நம் சால்பாதைக்கு உண்மையாகவே தேவை. எஞ்சின் ஆயில் தொட்டிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் டீசல் டேங்குக்கும் கீழே மட்டும் போட்டால் போதும். ஆயில் மாற்றுவதற்கும் சேறு வழிவதற்கும் துளைகள் உள்ளதாகப் பாருங்கள். இதில் ரப்பர் தோட்டக்காரர் மட்டுமே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டியானால், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி அவ்வப்போது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அப்போது அதன் உள்வெப்பம் 600 டிகிரி செல்சியஸை நெருங்கும். மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலையுதிர்த்து, பாதையெங்கும் சருகு மெத்தையாகக் கிடக்கும் காலத்தில், தகட்டுக்கும் புகைக்குழாய்க்கும் இடையே காய்ந்த இலை அடைந்துகொள்கிறது. வீட்டுக்குப் புறப்படும் முன் ஒரு கம்பியால் அதைக் குத்தி எடுத்துவிட வேண்டும். சருகின்மேல் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்திவைக்கவும் கூடாது. ஒரு தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஸ்நார்க்கல் வாங்கினால் ஆற்றைக் கடக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வாயை அது மேலே உயர்த்துகிறது, அவ்வளவே. உருளைக்குள் நீர் புகுந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும் என்பதால் அந்தப் பாதுகாப்பு மெய்யானது. ஆனால் அதே நீர் கதவு வழியாக மின்கம்பிகளுக்கும், சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலால் அதன் ஆயிலுக்குள்ளும் புகும். டிஃபரென்ஷியலின் மூச்சுக்குழாயை எஞ்சின் அறை வரை நீட்டுவது ஸ்நார்க்கலின் விலையில் சிறு பங்குதான். அதை இப்போதே செய்யுங்கள். கோதையாற்றுப் பக்கமும் பரளியாற்றுப் பக்கமும் சப்பாத்துகளின் (தரைப்பாலங்களின்) மேல் செந்நீர் புரளும்போது நம்மை அடித்துச் செல்வது நீரின் ஆழத்தைவிட வேகம். மேலே மலையில் பெய்யும் மழை, நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும்போதே வந்து சேரும். முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் எந்தப் பொருளை மாட்டியிருந்தாலும் இறங்காமல், மறுகரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதே முறை.

இரும்பு பம்பரும் விளக்குப் பட்டையும் சட்டத்தின் எல்லைக்குள் வருகின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, நிறுவனம் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முன்பக்க இரும்புக் கம்பிகளின்மேல் நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அசல் விவரங்களை மாற்றக் கூடாது என்ற நிலையை உறுதிப்படுத்தியது. அனுமதியின்றி மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கும் பிரிவு அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, மோதலில் நசுங்கி விசையை வாங்க வேண்டிய முன்பகுதியை இரும்பால் கெட்டியாக்கினால், அந்த விசை உள்ளிருப்பவர்மேல் இறங்கும். ஏர்பேக் விரியும் நேரமும் பிசகலாம். விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும். கூரைமேல் விளக்குப் பட்டையோ, மலை மூடுபனியில் தன் ஒளியை எதிரே வெள்ளைச் சுவராக எழுப்பிக் கண்ணைக் குருடாக்கும். பம்பரில் தாழ்வாக நிறுவனம் விட்டிருக்கும் இடத்திலேயே மஞ்சள் பனிவிளக்கு ஒரு ஜோடி, ரிலேயும் ஃபியூசும் வைத்துப் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது. கீரிப்பாறை, மாறாமலைப் பக்கமெல்லாம் போக எண்ணினால், காப்புக்காட்டுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் வனத்துறை அனுமதியின்றி வண்டி நுழைவது குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பின்தட்டுக்குள் என்ன வைப்பது என்பதற்குக் கடைக்குப் போகத் தேவையே இல்லை. மண்வெட்டி, வெட்டுகத்தி, கடப்பாரை, மரம் சாய்ந்து கிடந்தால் அறுக்க ஒரு கைவாள், ஜாக்கி சேற்றில் அமிழாமலிருக்க இரண்டங்குலப் பலகைத் துண்டு. சக்கரத்தின் கீழ் திணிக்கும் பிளாஸ்டிக் பலகை நல்ல பொருள்தான், இருந்தாலும் நான்கு தென்னை மட்டையை வெட்டிப் போட்டாலும் வண்டி ஏறும். இவை அனைத்தையும் ராட்செட் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். கூரைக் கூடாரம் வேண்டுமென்று வீட்டில் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். காற்றாலைகள் வரிசையாக நிற்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் திருநெல்வேலிக்குப் போகும்போது, கூரையில் 60 கிலோவோடு அகலமான ஒரு தடுப்பையும் தூக்கிக்கொண்டு பக்கக்காற்றில் ஓட்டுவது எப்படி என்பதை அவர்களுக்கும் விளக்கிச் சொல்லுங்கள்.

முட்டம், குளச்சல் கரைமணலில் இந்த வண்டியை இறக்கிப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்வது நல்லது. கடலோர மாவட்டத்தில் மாட்டும் ஒவ்வொரு இரும்புப் பொருளுக்கும் உப்புக்காற்றே எதிரி. துளையிட்ட இடமெல்லாம் துருத்தடுப்புப் பூச்சு பூசி, துருப்பிடிக்காத போல்ட்டால் முடுக்கச் சொல்லுங்கள். விசை தாங்கும் மீட்புக் கொக்கிகளுக்கு மட்டும் தயாரிப்பாளர் சொல்லும் உயர்தரப் போல்ட்டையே மாற்றாமல் போட வேண்டும்.

ஆகவே உங்கள் இரண்டு லட்சத்தில் பெரும்பகுதி ஐந்து டயருக்கும், மிச்சத்தில் கம்ப்ரெசர், மீட்புக் கொக்கிகள், கயிறு, கைவின்ச், அடித்தகடு, மூச்சுக்குழாய் ஆகியவற்றுக்கும் போகட்டும். மழைக்கு முன் வைகாசியில் வேலையை முடித்துவிடுங்கள். எல்லாம் மாட்டி ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் பட்டறைக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மீண்டும் முடுக்கி, வீல் அலைன்மென்ட்டையும் ஹெட்லைட்டின் தாழ்வையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பெயின்ட் கோடு ஒன்று போடச் செய்தால், பின்னால் எது தளர்ந்தது என்பது குனிந்து பார்த்தாலே தெரியும்.